ஆளுமைக் கோளாறு: மருத்துவருக்கு மருத்துவர் நோயறிதல் ஏன் மாறுகிறது?

ஒரே நபருக்கு ஒரு மருத்துவர் ‘ஆளுமைக் கோளாறு’ என்றும், மற்றொரு மருத்துவர் ‘மனச்சோர்வு’ என்றும் எழுதித் தருவது உண்டு. இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதிக் குடும்பங்கள் முதலில் உள்ளூர் மருத்துவரைப் பார்த்துவிட்டு, பின்னர் விருதுநகருக்கோ மதுரைக்கோ செல்லும்போது, இரண்டு சீட்டுகளில் இரண்டு பெயர்களைக் காண நேரிடுகிறது. “யார் சொல்வது சரி? முதலில் கொடுத்த மருந்தை நிறுத்திவிடலாமா? உண்மையில் நோயே இல்லையோ?” என்ற கேள்விகள் அப்போது எழுகின்றன. இக்கேள்விகள் இயல்பானவை. இவற்றுக்கு விடை தெரியாமல் சிகிச்சையையே கைவிடுவதுதான் ஆபத்தானது. ஆளுமைக் கோளாறுகளை மருத்துவர்கள் எந்த அளவுக்கு ஒரே மாதிரியாகக் கண்டறிகிறார்கள், வேறுபாடு எங்கிருந்து வருகிறது, அதைக் குறைக்க நீங்கள் என்ன செய்யலாம் என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

சுருக்கமாக

• ஆளுமைக் கோளாற்றைக் காட்டும் இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இல்லை. நேர்காணலும் வாழ்க்கை வரலாறுமே நோயறிதலின் அடிப்படை.
• கேள்விகள் வரையறுக்கப்பட்ட முழுமையான நேர்காணலில் மருத்துவர்களிடையே உடன்பாடு கூடுகிறது. அவசரமான, முதல் சந்திப்பில் அது குறைகிறது.
• கோளாற்றின் பெயரைவிட, அது வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்ற கடுமை அளவே சிகிச்சைக்கு முக்கியம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய அணுகுமுறை.
• நோயறிதல் மாறினால் சிகிச்சையை நிறுத்த வேண்டாம். காரணத்தைக் கேளுங்கள், பழைய சீட்டுகளை எடுத்துச் செல்லுங்கள்.
• தற்கொலை எண்ணமோ தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் பழக்கமோ இருந்தால், நோயின் பெயருக்காகக் காத்திராமல் உடனே உதவி நாடுங்கள்: 14416, 104, 108.

ஆளுமைக் கோளாறு என்பது என்ன?

ஒருவர் தம்மைப் பற்றி எண்ணும் விதம், பிறருடன் பழகும் விதம், உணர்ச்சிகளைக் கையாளும் விதம் ஆகியவை சேர்ந்ததே ஆளுமை. கோபக்காரர், கூச்ச சுபாவி, எதிலும் ஒழுங்கு பார்ப்பவர் என்று நாம் சொல்வதெல்லாம் ஆளுமையின் வேறுபாடுகளே. அவை நோய்கள் அல்ல. இந்த இயல்புகள் நெகிழ்வின்றி இறுகி, வீடு, பணியிடம், நட்பு எனப் பல இடங்களிலும் தொடர்ந்து இடர் விளைவித்து, அந்த நபருக்கோ அவரைச் சார்ந்தோருக்கோ பெருந்துன்பம் தரும்போதுதான் அது கோளாறு எனப்படுகிறது. பெரும்பாலும் வளரிளம் பருவத்திலோ இளமையின் தொடக்கத்திலோ இதன் அறிகுறிகள் தென்படும்.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டி.எஸ்.எம். 5 கையேடு பத்து வகை ஆளுமைக் கோளாறுகளைப் பட்டியலிடுகிறது. மருத்துவமனைகளில் அதிகம் பேசப்படுவது பார்டர்லைன் எனப்படும் எல்லைநிலை ஆளுமைக் கோளாறு. உறவுகளில் கொந்தளிப்பு, கைவிடப்படுவோம் என்ற கடும் அச்சம், நொடியில் மாறும் மனநிலை, அடக்க இயலாச் சினம், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளுதல், உள்ளே எப்போதும் ஒரு வெறுமை ஆகியவை இதன் அடையாளங்கள்.

அளவுகோல் எங்கே இருக்கிறது?

இராஜபாளையம் நூற்பாலைகளில் பணிபுரிவோருக்கு இது எளிதில் விளங்கும். நூலின் கவுண்ட்டை ஆய்வகத்தில் அளந்தால், அளப்பவர் யாராக இருந்தாலும் விடை ஏறக்குறைய ஒன்றாகவே வரும். அதே நூலை விரலால் தடவிப் பார்த்துச் சொல்லச் சொன்னால், அனுபவசாலிகள் இருவர்கூடச் சில வேளைகளில் வேறுபடுவர். சர்க்கரை நோயின் கண்டறிதல் முதல் வகையைச் சேர்ந்தது. ஆளுமைக் கோளாற்றின் கண்டறிதல் இரண்டாம் வகைக்கு நெருக்கமானது. தேர்ந்த கை தேவை. அந்தக் கைக்கும் ஒரு பொதுவான அளவுகோல் தேவை.

அந்தப் பொது அளவுகோலை உருவாக்கும் முயற்சி 1980-இல் வெளியான டி.எஸ்.எம். 3 கையேட்டில் தெளிவாகத் தொடங்கியது. ஒவ்வொரு கோளாற்றுக்கும் இன்னின்ன அறிகுறிகள், அவற்றுள் இத்தனை இருக்க வேண்டும் என்று அது வரையறுத்தது. ஆயினும் ஒரு சிக்கல் நீடித்தது. எல்லைநிலை ஆளுமைக் கோளாற்றுக்கு இன்றைய டி.எஸ்.எம். 5 வகுத்துள்ள அறிகுறிகள் ஒன்பது. அவற்றுள் ஐந்து இருந்தால் போதும். கணக்கிட்டுப் பார்த்தால், இந்தப் பெயரைப் பெற 256 வழிகள் உள்ளன. ஒரே நோயறிதல் பெற்ற இருவருக்கிடையே ஒரேயோர் அறிகுறி மட்டுமே பொதுவாக இருப்பதும் இயலும். பக்கத்து வீட்டில் இதே பெயர் கொண்ட நோயாளி வேறு விதமாக நடந்துகொள்வதைக் கண்டு, “எங்கள் பிள்ளைக்கு இது இருக்க முடியாது” என்று முடிவு செய்துவிட வேண்டாம்.

உடன்பாட்டை எவ்வாறு அளக்கிறார்கள்?

“இரு மருத்துவர்களும் நூற்றுக்கு 92 பேரிடம் ஒத்துப்போனார்கள்” என்று கேட்டால் மிக நன்று என்றே தோன்றும். ஒரு சிறு கணக்கைப் பாருங்கள்.

நூறு நோயாளிகளை இரு மருத்துவர்கள் தனித்தனியே பார்க்கின்றனர். ஒவ்வொருவரும் பத்துப் பேருக்கு ஆளுமைக் கோளாறு உண்டு என்கின்றனர். அவற்றுள் ஆறு பேர் இருவருக்கும் பொதுவானவர்கள். முதல் மருத்துவர் மட்டும் சொன்னவர்கள் நான்கு பேர். இரண்டாமவர் மட்டும் சொன்னவர்கள் நான்கு பேர். மீதி 86 பேருக்கு இல்லை என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடில்லை. ஆக, உடன்பாடு 92. ஆனால் இருவரும் நோயாளிகளைப் பார்க்காமலே, சீட்டுக் குலுக்கிப் பத்துப் பேரைத் தேர்ந்திருந்தாலும் சராசரியாக 82 பேரிடம் ஒத்துப்போயிருப்பர். ஏனெனில், பெரும்பாலோருக்கு நோய் இல்லை என்பது எளிய விடை. தற்செயலைக் கழித்த பின் மிஞ்சும் உண்மையான உடன்பாட்டை ‘கப்பா’ என்ற எண் குறிக்கிறது. சுழியம் என்றால் குலுக்கல் அளவு. ஒன்று என்றால் முழு உடன்பாடு. நமது எடுத்துக்காட்டில் கப்பா ஏறத்தாழ 0.56.

இந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பவர்களையும் நினைவிற்கொள்ள வேண்டும். இருவருள் ஒருவராவது ‘உண்டு’ என்று சொன்ன 14 பேரில் எட்டுப் பேர் முரண்பட்ட இரண்டு விடைகளுடன் வீடு திரும்புகின்றனர்.

ஆய்வுகள் கூறுவது

டி.எஸ்.எம். 5 வெளியிடப்படுவதற்கு முன் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த களச் சோதனைகளின் முடிவுகள் 2013-இல் வெளிவந்தன. அவற்றில் ஒரே நோயாளியை இரு மருத்துவர்கள் வெவ்வேறு நேரங்களில், ஒருவர் முடிவு மற்றவருக்குத் தெரியாமல் சந்தித்தனர். எல்லைநிலை ஆளுமைக் கோளாற்றுக்குக் கிடைத்த கப்பா 0.54. சமூக விரோத ஆளுமைக் கோளாற்றுக்கு 0.21 மட்டுமே. ஒப்பிட்டுப் பார்க்க: பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாற்றுக்கு 0.67, மனச்சிதைவு நோய்க்கு 0.46, நாம் மிக நன்றாக அறிந்ததாக எண்ணும் பெரும் மனச்சோர்வுக்கு 0.28.

இதிலிருந்து இரண்டு செய்திகள் தெளிவாகின்றன. ஆளுமைக் கோளாறு மட்டுமே ஐயத்துக்குரியது என்ற பரவலான எண்ணம் சரியன்று; எல்லைநிலைக் கோளாற்றில் உடன்பாடு மனச்சோர்வைவிட அதிகமாகவே இருந்தது. அதே வேளையில், எல்லா ஆளுமைக் கோளாறுகளையும் ஒரே தட்டில் வைக்கவும் இயலாது.

உலக சுகாதார நிறுவனம் நடத்திய முன்னோடி ஆய்வு 1994-இல் வெளிவந்தது. சர்வதேச ஆளுமைக் கோளாறு நேர்காணல் என்ற கருவி 11 நாடுகளின் 14 மையங்களில், 716 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. பெங்களூரும் அம்மையங்களுள் ஒன்று. ஒருவர் கேள்வி கேட்க, மற்றவர் உடனிருந்து தனியே மதிப்பெண் இட்டார். பிற மனநோய்களுக்கான நேர்காணல் கருவிகளுக்கு நிகரான உடன்பாடு கிடைத்தது. வெவ்வேறு மொழிகளிலும் பண்பாடுகளிலும், பயிற்சி பெற்றவர்கள் ஒரே கேள்விகளைக் கேட்டால், ஏறக்குறைய ஒரே முடிவை எட்ட முடியும் என்பதை அது காட்டியது. ஒரே நேர்காணலை இருவர் மதிப்பிடும்போது உடன்பாடு இயல்பாகவே கூடும் என்பதையும் கருத்திற்கொள்ள வேண்டும். ஒரு நோயாளி இரண்டு ஊர்களில், இரண்டு வெவ்வேறு நாட்களில் இரண்டு மருத்துவர்களைப் பார்ப்பது அதைவிடக் கடினமான சோதனை.

அன்றாட மருத்துவத்துக்கும் ஆய்வுக்கும் உள்ள இடைவெளியை இன்னோர் ஒப்பீடு காட்டுகிறது. அமெரிக்காவில் ஒரே புறநோயாளிப் பிரிவில், வழக்கமான முறையில் பார்க்கப்பட்டவர்களில் 0.4 விழுக்காட்டினருக்கே எல்லைநிலைக் கோளாறு கண்டறியப்பட்டது. கட்டமைக்கப்பட்ட நேர்காணல் செய்யப்பட்டவர்களில் அது 14.4 விழுக்காடு. 1999-இல் வெளியான ஆய்வு இது. நம் நாட்டில் சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் மனநலப் புறநோயாளிப் பதிவேடுகளை ஆராய்ந்தபோது, ஆளுமைக் கோளாறு எனப் பதியப்பட்டவர்கள் ஏறத்தாழ ஒரு விழுக்காட்டினரே. அமெரிக்காவில் கட்டமைக்கப்பட்ட நேர்காணலால் 859 புறநோயாளிகளை ஆராய்ந்த 2005-ஆம் ஆண்டு ஆய்வில், ஏதேனும் ஒரு ஆளுமைக் கோளாறு இருந்தவர்கள் 31.4 விழுக்காடு. மக்களின் இயல்பு நாட்டுக்கு நாடு சற்றே மாறலாம். ஆயினும் இவ்வளவு பெரிய வேறுபாட்டுக்கு, கேட்கப்படாத கேள்விகளும் காரணமாகும். தேடாத இடத்தில் எதுவும் கிடைப்பதில்லை.

மருத்துவர்கள் ஏன் வேறுபடுகிறார்கள்?

சந்திக்கும் நாள் வேறு. குடும்பச் சண்டை நடந்த மறுநாள் வரும் ஒருவர், இரண்டு வாரம் கழித்து வேறொரு மருத்துவமனைக்கு அமைதியாக வருவார். இருவர் பார்த்ததும் உண்மையே; ஆனால் ஒவ்வொருவரும் பார்த்தது ஒரு துண்டு மட்டுமே.

கிடைக்கும் தகவல் வேறு. ஒரு மருத்துவரிடம் நோயாளி தனியே பேசுகிறார். மற்றொருவரிடம் தாயும் கணவரும் உடனிருந்து பேசுகின்றனர். ஒருவர் தம் ஆளுமை பற்றிச் சொல்வதும், அவரை அறிந்தவர்கள் சொல்வதும் முழுமையாக ஒத்துப்போவதில்லை என்பதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. இருவரில் எவரும் பொய் சொல்கிறார் என்பது இதன் பொருளன்று. தம் உள்ளே இருக்கும் வலியைத் தாமே அறிவார். தம் நடத்தையின் விளைவைப் பிறரே காண்பர்.

நேரம் போதாமை. ஆளுமைக் கோளாற்றுக்கான முழு நேர்காணலுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகலாம். கூட்டம் மிகுந்த புறநோயாளிப் பிரிவில் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அந்த நிமிடங்களில் தூக்கமின்மை, தற்கொலை எண்ணம், மனச்சோர்வு போன்ற உடனடிப் பிரச்சினைகளுக்கே முன்னுரிமை தரப்படுகிறது. அது தேவையானதும்கூட. ஆதலால் முதல் சீட்டில் ‘மனச்சோர்வு’ என்றும், சில மாதங்கள் தொடர்ந்து பார்த்த பின் ‘ஆளுமைக் கோளாறும் உண்டு’ என்றும் எழுதப்படலாம். இது முரண்பாடு அல்ல. இரண்டும் ஒரே நபரிடம் சேர்ந்திருப்பது மிகச் சாதாரணம்.

பிற நோய்களின் நிழல். மனச்சோர்வு, இருதுருவ மனநிலைக் கோளாறு, மதுப்பழக்கம், கஞ்சா, தைராய்டு குறைபாடுகள், தலைக்காயம் ஆகியவை ஒருவரின் குணத்தையே மாற்றியதுபோல் காட்டலாம். “ஆறு மாதமாகத்தான் ஆளே மாறிவிட்டான்” என்று குடும்பத்தார் கூறினால், முதலில் இவற்றைத்தான் மருத்துவர் தேட வேண்டும். ஆளுமைக் கோளாறு என்பது பல ஆண்டு காலப் போக்கு.

பண்பாட்டைப் படிக்கும் விதம். திருமணமான மகள் ஒவ்வொரு முடிவுக்கும் தாயைக் கேட்பது நம் கூட்டுக் குடும்ப வாழ்வில் இயல்பு. அதை ‘சார்பு ஆளுமைக் கோளாறு’ என்றுவிட இயலாது. ஆண்டாள் கனவில் வந்து சொன்னதாக ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண்மணி ஒருவர் நம்புவது அவரது பக்தி. அதுவே நோயின் சான்றாகிவிடாது. அவர் வாழும் சமூகத்தில் இது இயல்பானதா, இதனால் அவருக்குத் துன்பம் உண்டா என்ற இரண்டும் கேட்கப்பட வேண்டும். மறுபுறம், “எங்கள் வீட்டு ஆண்கள் எல்லோரும் இப்படித்தான் கையோங்குவார்கள்” என்று பண்பாட்டின் பெயரால் வன்முறையை மறைப்பதும் தவறு.

மருத்துவரின் முன்முடிவு. மருத்துவர்களும் மனிதர்களே. ஒரே நோயாளி வரலாற்றை ஆண், பெண் எனப் பெயர் மாற்றிக் கொடுத்தபோது, உளவியல் நிபுணர்கள் வெவ்வேறு ஆளுமைக் கோளாறுகளைத் தேர்ந்ததை 1989-ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியது. 1988-இல் பிரிட்டனில் நடந்த ஆய்வில், ‘முன்பு ஆளுமைக் கோளாறு எனக் கூறப்பட்டவர்’ என்ற ஒரே வரியைச் சேர்த்ததும், மனநல மருத்துவர்கள் அந்த நோயாளியைக் கடினமானவர், உதவிக்கு அவ்வளவாகத் தகுதியற்றவர் என மதிப்பிட்டனர். நாம் எழுதும் சொல் அடுத்த மருத்துவரின் பார்வையையும் மாற்றிவிடுகிறது. இதை மருத்துவர்களாகிய நாங்களே ஒப்புக்கொள்ள வேண்டும்.

பெயரிலிருந்து கடுமைக்கு: ஐ.சி.டி. 11

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பு 2019-இல் ஏற்கப்பட்டு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பழைய பதிப்பிலிருந்த தனித்தனி வகைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன. ஒருவருக்கே மூன்று பெயர்கள் பொருந்தின. ஆகவே புதிய பதிப்பு முதலில் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கிறது: ஆளுமைக் கோளாறு உண்டா, உண்டெனில் அதன் கடுமை என்ன?

மிதம்: சில உறவுகளிலும் சில பொறுப்புகளிலும் மட்டும் சிக்கல், வேலையோ நட்போ ஓரளவு நீடிக்கிறது. இடைநிலை: பெரும்பாலான உறவுகளிலும் பணிகளிலும் சிக்கல், தனக்கோ பிறர்க்கோ தீங்கு நேரும் வாய்ப்பு உண்டு. கடுமை: வாழ்க்கையின் ஏறக்குறைய எல்லாப் பகுதிகளும் பாதிக்கப்பட்டு, தீங்கு நேரும் வாய்ப்பு மிகுந்த நிலை. இவற்றுக்குக் கீழே, நோய் எனக் கருதப்படாத ‘ஆளுமைச் சிரமம்’ என்ற நிலையும் உண்டு.

அதன் பின்னரே எதிர்மறை உணர்ச்சி மிகுதி, ஒதுங்குதல், பிறர் நலன் கருதாமை, கட்டுப்பாடின்மை, அளவுமீறிய ஒழுங்கு நாட்டம் என்ற ஐந்து இயல்புகளில் எவை மேலோங்கியுள்ளன என்று குறிக்கப்படுகிறது. ‘எல்லைநிலைப் போக்கு’ என்று கூடுதலாகக் குறிக்கவும் இடமுண்டு. எனவே, 2018-இல் பெற்ற சீட்டில் ஒரு பெயரும், இன்றைய சீட்டில் ‘இடைநிலை ஆளுமைக் கோளாறு’ என்பதும் இருந்தால், மாறியது பெயரிடும் முறையாக இருக்கலாம். உங்கள் நிலையாக இருக்க வேண்டியதில்லை.

இணையத்தில் உள்ள கேள்வித்தாள்களை நம்பலாமா?

‘ஆம், இல்லை’ எனக் குறிக்கும் தாள்கள் சல்லடை போன்றவை. யாருக்கு விரிவான நேர்காணல் தேவை என்று பிரித்தெடுக்க மட்டுமே அவை பயன்படும். உலக சுகாதார நிறுவனக் கருவியோடு வரும் முன்சோதனைத் தாளே நோயறிதலுக்கு உரியதன்று. அவற்றில் நோய் இல்லாத பலரும் சிக்கிக்கொள்வர். மனச்சோர்வில் இருக்கும்போது நிரப்பினால், “நான் எப்போதுமே இப்படித்தான்” என்றே எல்லாவற்றையும் குறிக்கத் தோன்றும். அந்தச் சோர்வு நீங்கிய பின் விடைகள் மாறலாம்.

நீங்கள் செய்யக்கூடியவை

சரியான நோயறிதலில் உங்கள் பங்கு பெரிது. மருத்துவரைப் பார்க்கச் செல்லுமுன்:

• எல்லாப் பழைய சீட்டுகள், மருந்துப் பட்டியல், மருத்துவமனை விடுவிப்புச் சுருக்கம் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். முதல் மருத்துவர் சொன்னதை இரண்டாமவரிடம் மறைக்க வேண்டாம்.
• ஒரு பக்கத்தில் காலவரிசை எழுதுங்கள்: பிரச்சினை எந்த வயதில் தொடங்கியது, பள்ளியில் எப்படி இருந்தார், எந்த வேலையில் எவ்வளவு காலம் இருந்தார், எப்போது நன்றாக இருந்தார்.
• குணத்தைச் சொல்லாமல் நிகழ்ச்சியைச் சொல்லுங்கள். “பிடிவாதக்காரி” என்பதைவிட, “கடந்த மாதம் மூன்று முறை கதவைப் பூட்டிக்கொண்டு கையைக் கீறிக்கொண்டார், ஒவ்வொரு முறையும் கணவர் வெளியூர் சென்ற நாள்” என்பது மருத்துவருக்கு உதவும்.
• மது, புகையிலை, வேறு போதைப் பழக்கம் இருந்தால் தயங்காமல் கூறுங்கள்.
• நோயாளி தனியாகப் பேசவும் நேரம் கேளுங்கள். இளவயதில் நேர்ந்த வன்கொடுமை போன்றவற்றை உறவினர் முன்னிலையில் எவரும் எளிதில் கூறுவதில்லை.

மருத்துவரிடம் இவற்றைக் கேட்கலாம்: “இது உறுதியான முடிவா, தற்காலிக முடிவா?” “கடுமை எந்த அளவில் உள்ளது?” “வேறு எந்த நோய்களைக் கருதிப் பார்த்தீர்கள்?” “முன்பு சொன்ன நோயறிதலிலிருந்து இது ஏன் மாறுகிறது?” “எத்தனை மாதம் கழித்து மறுமதிப்பீடு செய்வோம்?” இவை மருத்துவரை அவமதிக்கும் கேள்விகள் அல்ல. விடை சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மனநல மருத்துவர் குறிப்பிட்ட நாட்களில் வரும் அரசு மருத்துவமனைகளில், அந்த நாளை முன்கூட்டியே விசாரித்துச் செல்லுங்கள். இயன்றவரை ஒரே மருத்துவரைத் தொடர்ந்து பார்ப்பது, ஊர் ஊராக மருத்துவரை மாற்றுவதைவிடத் தெளிவான விடையைத் தரும். ஆளுமை ஒரே நாளில் தெரிவதில்லை. பலமுறை பார்த்துப் பழகினால்தான் தெரியும்.

பராமரிப்பவர்களுக்கு

‘ஆளுமைக் கோளாறு’ என்ற சொல்லை வீட்டில் ஏச்சாகப் பயன்படுத்த வேண்டாம். நோயாளியின் ஒவ்வொரு கோபத்தையும் நோயின் கணக்கில் எழுதினால், நியாயமான குறையைக்கூட அவர் சொல்ல முடியாமல் போகும். திருமணப் பேச்சு, சொத்துப் பிரிவினை, மணமுறிவு போன்றவற்றில் வெற்றி பெற ஒரு நோயறிதலைத் தேடி வராதீர்கள். அத்தகைய நெருக்கடியில் ஒரு தரப்பின் பேச்சை மட்டும் கேட்டு ஆளுமையை மதிப்பிட எந்த மருத்துவராலும் இயலாது. உங்கள் களைப்பும் உண்மையானது. உங்களுக்காகவும் ஆலோசனை பெறுங்கள்.

சட்டம் தரும் பாதுகாப்பு

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மே 29, 2018 முதல் நடைமுறையில் உள்ளது. நோயறிதல் பற்றி அதன் மூன்றாம் பிரிவு தெளிவாகக் கூறுபவை:

• மனநோய் என்பது ஏற்கப்பட்ட மருத்துவ அளவுகோல்களின்படியே தீர்மானிக்கப்பட வேண்டும்.
• ஒருவரின் சமூக, பொருளாதார, அரசியல் நிலையையோ, அவர் சார்ந்த சமயம், பண்பாட்டுக் குழுவையோ கொண்டு மனநோய் உண்டெனத் தீர்மானிக்கக் கூடாது. ஊர் வழக்கத்துக்கும் ஒழுக்கக் கருத்துக்கும் உடன்படாமையும் மனநோய் ஆகாது. பெற்றோர் விரும்பாத திருமணத்தைச் செய்துகொண்டவர் அக்காரணத்தால் நோயாளி ஆகிவிடுவதில்லை.
• முன்பு சிகிச்சை பெற்றார் என்பது மட்டுமே இன்றும் நோய் உண்டு என்பதற்குச் சான்றாகாது.
• மனநோய் உள்ளது என்பதால் மட்டும் ஒருவர் சித்த சுவாதீனமற்றவர் ஆகார். அதைத் தகுதியுள்ள நீதிமன்றமே அறிவிக்க முடியும்.

உங்கள் நோயின் தன்மையையும் சிகிச்சைத் திட்டத்தையும் அறியும் உரிமை, மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமை, இரகசியம் காக்கப்படும் உரிமை ஆகியவற்றையும் இச்சட்டம் வழங்குகிறது.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரு மருத்துவர்கள் வேறுபட்டால், இந்நோயே பொய்யா?
இல்லை. அளப்பது கடினம் என்பதால் துன்பம் இல்லையென்று ஆகாது. எந்தப் பெயர் பொருந்தும் என்பதில் மருத்துவர்கள் வேறுபடலாம். இவருக்கு உதவி தேவை என்பதில் பெரும்பாலும் ஒன்றுபடுவர்.

நோயறிதல் மாறினால் மருந்தை நிறுத்தலாமா?
தாமாக நிறுத்த வேண்டாம். சில மருந்துகளைத் திடீரென நிறுத்துவது தீங்கு தரும். எல்லைநிலைக் கோளாற்றுக்கென்றே தனி மருந்து இல்லை; பேச்சுவழி உளவியல் சிகிச்சையே முதன்மையானது. ஆனால் உடனிருக்கும் மனச்சோர்வுக்கோ தூக்கமின்மைக்கோ மருந்து தேவைப்படலாம். எது எதற்கு என்று கேட்டறியுங்கள்.

இது வாழ்நாள் முழுதும் மாறாத முத்திரையா?
அல்ல. அமெரிக்காவில் எல்லைநிலைக் கோளாறு உள்ள 290 நோயாளிகளைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், 93 விழுக்காட்டினருக்கு அறிகுறிகள் தணிந்து, அந்நிலை குறைந்தது இரண்டாண்டுகள் நீடித்தது. வேலை, உறவு ஆகியவற்றோடு கூடிய முழு மீட்சியை எட்டியவர்கள் ஏறத்தாழப் பாதிப் பேர். அறிகுறிகள் தணிந்த பின்னும் வாழ்க்கையை மீளக் கட்டமைக்க உதவி தேவை என்பதையும் இது உணர்த்துகிறது. எனவே, பழைய சீட்டில் உள்ள பெயர் இன்றும் பொருந்துமா என்று மறுமதிப்பீடு கேட்பது உங்கள் உரிமை.

பதினெட்டு வயதுக்குக் கீழே இதைக் கூறலாமா?
மிகுந்த எச்சரிக்கையுடன் மட்டுமே. வளரிளம் பருவத்தின் கொந்தளிப்பு தானே அடங்கக்கூடும். ஆனால் பெயர் வைக்கத் தயங்குவது உதவி செய்யத் தயங்குவதாக ஆகிவிடக் கூடாது.

உடனடி உதவி தேவைப்படும்போது

தற்கொலை பற்றிப் பேசுதல், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளுதல், பூச்சிமருந்தோ மாத்திரைகளோ சேர்த்து வைத்தல், பிறரைத் தாக்க முனைதல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் “கவனத்தை ஈர்க்கவே செய்கிறார்” என்று ஒதுக்கிவிடாதீர்கள். அவரைத் தனியே விடாமல், ஆபத்தான பொருட்களை அகற்றி, அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆம்புலன்சுக்கு 108. தொலைபேசி மனநல ஆலோசனைக்கு 14416 (டெலி மானஸ், கட்டணமில்லை). மருத்துவ ஆலோசனைக்கும் தற்கொலைத் தடுப்பு உதவிக்கும் 104.

நோயின் சரியான பெயரை எட்ட மாதங்கள் ஆகலாம். பாதுகாப்பும் சிகிச்சையும் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அவை முதல் நாளிலேயே தொடங்கலாம்.

இப்பக்கத்திலுள்ள தகவல்கள் பொது விழிப்புணர்வுக்கானவை. தனிப்பட்ட நோயறிதலுக்கும் சிகிச்சைக்கும் மருத்துவரை நேரில் அணுகவும்.